லூக் ஃபாரிட்டர்: எரிந்த சுருளைப் படித்தவர் இப்போது அரசு அலுவலகங்களில் (தொடர் இழை)

கரிச்சுருள் | 9 பிப்ரவரி 2025

2023 அக்டோபரில் நான் இங்கே தொடங்கிய இழை சிலருக்கு நினைவிருக்கலாம். கி.பி. 79இல் இத்தாலியின் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது ஹெர்குலேனியம் என்ற ஊரில் ஒரு மாளிகையின் நூலகம் முழுவதும் கரிக்கட்டையானது. தொட்டால் உதிரும் அந்த நூற்சுருள்களை விரிக்காமலேயே ஊடுகதிர் மூலம் படம் எடுத்துப் படிக்க முடியுமா என்று ஒரு போட்டி வைத்தார்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் ஒருவர் தன் நிரலுக்குக் கரியில் மை விட்டுச்சென்ற விரிசல்களைக் காட்டிப் பழக்கி, 'பொர்ஃபிராஸ்' என்ற கிரேக்கச் சொல்லைக் கண்டெடுத்தார். ஊதா என்று பொருள். 40,000 டாலர் பரிசு. அடுத்த பிப்ரவரியில் மேலும் இருவரோடு சேர்ந்து 7 லட்சம் டாலர் பெரும்பரிசு. "நம் செல்லரித்த ஓலைச்சுவடிகளுக்கு இப்படி ஒரு பிள்ளை வர மாட்டானா" என்று அன்று உருகி எழுதினேன்.

அவர்தான் லூக் ஃபாரிட்டர். கடந்த வாரம் ஒரு பத்திரிகை வெளியிட்ட பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்ததும் வேறு யாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். எலான் மஸ்க்கின் 'டோஜ்' எனப்படும் அரசுச் செயல்திறன் துறையில் பணியாற்றும் ஆறு இளைஞர்களின் பட்டியல் அது. வயது 19 முதல் 24 வரை. அயல்நாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்டிலும் எரிசக்தித் துறையிலும் இவர் பெயர் அடிபடுகிறது. எரிசக்தித் துறையில் சட்டப் பிரிவும் கணினிப் பிரிவும் வேண்டாம் என்று சொல்லியும் இவருக்கு உள்நுழைவு வழங்கப்பட்டதாகச் செய்தி.

இவர் எங்கே போகிறார், என்ன செய்கிறார் என்று இந்த இழையில் குறித்துக்கொண்டே வரலாம் என்றிருக்கிறேன்.

நெறியாளர் | 9 பிப்ரவரி 2025

ஒரு எச்சரிக்கை. அரசுப் பணியில் இவர்கள் செய்ததைப் பேசலாம். வீட்டு முகவரி, பெற்றோர், நண்பர்கள், பழைய ஒளிப்படங்கள் எதுவும் வேண்டாம். மீறினால் பதிவு நீக்கப்படும்.

நிரலோடி | 9 பிப்ரவரி 2025

எனக்கு வயது 24. அதனால் கொஞ்சம் எரிச்சலுடனேயே எழுதுகிறேன். 'சின்னப் பையன்களிடம் அரசைக் கொடுத்துவிட்டார்கள்' என்று நான்கு நாட்களாக எங்கும் ஒரே புலம்பல். இரண்டாயிரம் ஆண்டுகளாக யாராலும் படிக்க முடியாததைப் படித்தபோது அவருக்கு வயது 21. அப்போது வயதைப் பாராட்டினீர்கள், இப்போது அதே வயதைக் குற்றமாக்குகிறீர்கள். நாற்பது ஆண்டு அனுபவசாலிகள் வைத்திருந்த அரசுக் கணினிகளின் அழகை நாம் பார்க்காததா?

டோஜ் ஆகாயத்திலிருந்து குதித்ததும் அல்ல. 2014இல் ஒபாமா தொடங்கிய அமெரிக்க டிஜிட்டல் சேவைக்கே ஜனவரி 20 அன்று பெயரை மாற்றினார்கள். அப்போதும் மருத்துவக் காப்பீட்டுத் தளம் குப்புற விழுந்ததால்தான் தனியார் பொறியாளர்களைக் கூப்பிட்டார்கள்.

சந்தேகப்பிராணி | 9 பிப்ரவரி 2025

அவர்களைக் கூப்பிட்டது ஒழுகும் கூரையைச் சரிசெய்ய. இவர்கள் வந்திருப்பது வீட்டைப் பிரித்து ஓடு விற்க. யுஎஸ்எய்டை வார இறுதியில் மரம் அரைக்கும் இயந்திரத்தில் போட்டதாக மஸ்க்கே பெருமையடித்தாரே, அதற்கு நிரல் எதற்கு தம்பி?

ஓய்வுக்கணக்கர் | 10 பிப்ரவரி 2025

நான் மாநிலக் கருவூலத்தில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. 22 வயதில்தான் நானும் சேர்ந்தேன். ஆனால் 22 வயதில் பணம் கேட்டு என் மேசைக்கு வந்த பட்டியலை நான் தனியாகத் திருப்பி அனுப்ப முடியாது. என்ன தடை, எந்த விதி என்று எழுதி, சுருக்கொப்பமிட்டு, கண்காணிப்பாளருக்கு வைக்க வேண்டும். அவர் ஒப்பமிட்டு அலுவலருக்கு வைப்பார். பத்து ஆண்டு கழித்து ஒருவர் நீதிமன்றம் போனாலும் அந்தத் தாளில் மூன்று பேர் கையொப்பம் இருக்கும். இந்தத் தாமதத்தை நீங்கள் எல்லாரும் திட்டியிருக்கிறீர்கள், நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் 'யார் நிறுத்தியது' என்ற கேள்விக்கு அங்கே எப்போதும் பதில் உண்டு.

டோஜ் அமெரிக்க நிதித்துறைக்குள் நுழைந்த விவகாரத்தில் எனக்குத் தூக்கம் வராமல் செய்தது ஒரே செய்தி. மார்க்கோ எலெஸ் என்ற 25 வயது டோஜ் பொறியாளருக்கு அமெரிக்க அரசின் பணம் வழங்கும் கணினிகளில் அனுமதி கொடுத்திருந்தார்கள். பார்ப்பதற்கு மட்டும்தானா, மாற்றி எழுதவுமா என்பதிலேயே குழப்பம். எங்கள் அலுவலகத்தில் அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சுவரே இருக்கும்.

மேரிலாந்துவாசி | 10 பிப்ரவரி 2025

எலெஸ் கதையில் நமக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது, ஐயா. இந்தியர்மீதான வெறுப்பை இயல்பாக்க வேண்டும் என்று அவர் முன்பு எழுதியது வெளிவந்ததும் 6ஆம் தேதி விலகினார். மறுநாளே துணை அதிபர் வான்ஸ் மன்னித்துத் திரும்ப எடுக்கலாம் என்றார், மஸ்க்கும் எடுத்துக்கொள்வோம் என்று அறிவித்தார். வான்ஸின் மனைவி உஷா ஆந்திரத்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். அந்த ஆறு பேர் பட்டியலில் ஆகாஷ் போபா என்று இந்தியப் பெயரும் இருக்கிறது. அவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து தேநீர் குடித்தால் என்ன பேசுவார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

எங்கள் தெருவில் பாதிப் பேர் மத்திய அரசு ஊழியர்கள். ஜனவரி 28 அன்று எல்லாருக்கும் ஒரே மின்னஞ்சல் வந்தது. இப்போதே விலகுவதாகச் சொன்னால் செப்டம்பர் வரை சம்பளம் உண்டு. பக்கத்து வீட்டு அம்மையார் இது ஏமாற்று மின்னஞ்சல் என்று நினைத்து, பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி பாதுகாப்புப் பிரிவுக்குப் புகார் அனுப்பிவிட்டார்.

ஓய்வுக்கணக்கர் | 18 பிப்ரவரி 2025

150 வயதுக்காரர்கள் எல்லாம் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் வாங்குவதாக மஸ்க் சொல்லியிருக்கிறார். ஒரு பழைய கதை சொல்ல வேண்டும்.

எங்கள் மாவட்டம் ஒன்றில் ஓய்வூதியர் பட்டியலைக் கணினியில் ஏற்றியபோது ஒப்பந்தத்தில் வந்த ஒரு பொறியாளர், நல்ல பிள்ளை, ஓடி வந்தார். "ஐயா, பெரிய மோசடி! நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே பிறந்தநாள், ஜூலை 1." நாங்கள் சிரித்தோம். பிறந்த ஆண்டு மட்டும் தெரிந்து தேதி தெரியாதவருக்கு ஜூலை 1 என்று எழுத வேண்டும் என்பது விதி. பழைய கடைநிலை ஊழியர்களில் பாதிப் பேருக்கு அதுதான் பிறந்தநாள். நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் அவர் 'சந்தேகப் பதிவு' என்று அவற்றை நிறுத்தி வைத்திருந்தார். அந்த மாதம் முதல் தேதி அலுவலக வாசலில் கைம்பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பேருந்துக்குக் காசில்லாமல் ஏழு மைல் நடந்து வந்திருந்தார். அந்தப் பிள்ளை அன்று மதியம் சாப்பிடவில்லை. அவரை நான் இன்றும் மதிக்கிறேன். வாசலுக்கு வந்து அவர்களைப் பார்த்தார்.

அமெரிக்கக் கதையும் இதன் பங்காளிதான். 100 வயதைக் கடந்தும் இறப்புக் குறிக்கப்படாத சமூகப் பாதுகாப்பு எண்கள் 1.89 கோடி இருப்பதை அவர்களுடைய தணிக்கையாளர்களே 2023இல் எழுதிவிட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய ஒருவருக்கும் பணம் போகவில்லை என்பதையும் சேர்த்தே எழுதினார்கள். இரண்டாம் வரியைப் படிக்கவில்லை போலிருக்கிறது.

நிரலோடி | 18 பிப்ரவரி 2025

ஏற்கிறேன். அந்தச் சமூகப் பாதுகாப்புக் கணினிகள் கோபால் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டவை. பெயரைப் பார்த்து நம்மூர்க்காரர் என்று யாரும் நினைக்க வேண்டாம், 1959இல் பிறந்த மொழி. என் தலைமுறைக்கு அது கல்வெட்டு. ஆனாலும் கேட்கிறேன்: உங்கள் அலுவலகத்தில் யாராவது அந்த ஜூலை 1 விதியைத் தரவுத்தளத்தின் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்களா? எல்லாம் உங்கள் தலைக்குள் இருந்தால் வெளியிலிருந்து வருபவன் என்ன செய்வான்?

ஓய்வுக்கணக்கர் | 18 பிப்ரவரி 2025

கேட்பான், தம்பி. பக்கத்து மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

செவிலி | 1 மார்ச் 2025

எல்லாரும் அமெரிக்காவைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தப் பணம் நம் ஊரில் என்ன செய்தது என்று ஒரு வார்த்தை.

1995இல் தமிழ்நாட்டில் எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் ஒன்று யுஎஸ்எய்ட் நிதியில் தொடங்கியது. மத்திய அரசும் சேர்ந்த முத்தரப்பு ஒப்பந்தம். நடத்தியது சென்னை வாலன்டரி ஹெல்த் சர்வீசஸ். இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்று 1986இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது என்பதை மறந்துவிட வேண்டாம். அந்தத் திட்டத்தின்கீழ் ஒரு சிறு தொண்டு அமைப்பில் ஆலோசகராக இருந்தேன். லாரிகள் நிற்கும் இடத்தில் இரவு ஒன்பது மணிக்குமேல் போய் ஓட்டுநர்களிடம் பேச வேண்டும். ஆணுறைப் பெட்டி எத்தனை வந்தது, எத்தனை போனது, மழையில் நனைந்தது எத்தனை, எல்லாவற்றுக்கும் பதிவேடு. ஒருமுறை பன்னிரண்டு உறை குறைந்ததற்கு நான் இரண்டு பக்க விளக்கம் எழுதினேன். அமெரிக்கர்கள் காசை அள்ளி வீசினார்கள் என்று இப்போது கேட்கும்போது அந்தப் பன்னிரண்டுதான் நினைவுக்கு வருகிறது.

நிதி நின்றதால் ஹைதராபாத்தில் திருநர்களுக்கென 2021இல் தொடங்கிய மித்ர் கிளினிக் மூடப்பட்டது என்று நேற்றுச் செய்தி. இந்தியாவில் வாக்குப்பதிவைக் கூட்ட 2.1 கோடி டாலர், அதை ரத்து செய்தோம் என்று டோஜ் போட்ட பட்டியலை நம் தொலைக்காட்சிகள் ஒரு வாரம் அலசின. அந்தத் தொகை வங்கதேசத்துக்கானது என்று இந்தியன் எக்ஸ்பிரஸ் ஆவணத்தோடு எழுதியது. அதை யாரும் ஒரு மணி நேரம்கூடக் காட்டவில்லை.

சந்தேகப்பிராணி | 1 மார்ச் 2025

நாட்டின் பெயர் மாறினால் என்ன, தொகையில் சைபரே மாறுகிறது. டோஜின் சேமிப்புப் பட்டியலில் 800 கோடி டாலர் என்று போட்டிருந்த ஓர் ஒப்பந்தம் உண்மையில் 80 லட்சம். புதன்கிழமை அமைச்சரவைக் கூட்டத்தில் மஸ்க், எபோலா தடுப்பைத் தவறுதலாக ரத்து செய்தோம், உடனே சரிசெய்துவிட்டோம் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். அணு ஆயுதங்களைக் கவனிக்கும் அமைப்பில் நூற்றுக்கணக்கானவர்களை நீக்கிவிட்டு, மறுநாளே திரும்பி வாருங்கள் என்று தேடினார்கள்.

கரிச்சுருள் | 19 மார்ச் 2025

குறிப்பேட்டில் சேர்க்க வேண்டியவை.

யுஎஸ்எய்டின் திட்டங்களில் 83 விழுக்காடு ரத்து என்று வெளியுறவு அமைச்சர் ரூபியோ 10ஆம் தேதி அறிவித்தார். நேற்று மேரிலாந்து நீதிபதி தியோடர் சுவாங், அந்த நிறுவனத்தை இப்படிக் கலைத்தது அரசமைப்புச் சட்டத்துக்கே முரணாக இருக்கக்கூடும் என்று தீர்ப்பளித்திருக்கிறார்.

ஃபாரிட்டரைப் பற்றி: அந்த நிறுவனத்தில் 'ஃபீனிக்ஸ்' என்று ஒரு பணப்பட்டுவாடாக் கணினி அமைப்பு. மேலதிகாரிகள் ஒப்புதல் கொடுத்த தொகைகளைக்கூட இவரும் கேவின் கிளிகர் என்பவரும் அந்த அமைப்புக்குள் நுழைந்து நிறுத்தியதாக அமெரிக்க நாளேடுகள் எழுதியிருக்கின்றன. உயிர் காக்கும் உதவிகளுக்கு விலக்கு உண்டு என்று அமைச்சர் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அமைச்சர் 'ஆம்' என்கிறார், திரையில் ஒரு கட்டம் 'இல்லை' என்கிறது.

ஓய்வுக்கணக்கர் ஐயா, நீங்கள் சொன்ன மூன்று கையொப்பம் எனக்கு இப்போதுதான் முழுமையாகப் புரிகிறது. இந்த இழையை நாம் ஏன் நடத்திக்கொண்டிருக்கிறோம்? ஓர் ஊழியர் எந்தத் துறையில் என்ன செய்கிறார் என்று சென்னையிலும் மேரிலாந்திலும் உட்கார்ந்துகொண்டு செய்தித் துணுக்குகளைக் கோக்க வேண்டிய அவசியம் என்ன? அரசாணையில் அவர் பெயர் இல்லை. எந்தத் தாளிலும் அவர் ஒப்பம் இல்லை. டோஜின் தலைவர் யார் என்பதையே நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர்களிடம் இழுத்து இழுத்துக் கேட்க வேண்டியிருந்தது.

நிரலோடி | 20 மார்ச் 2025

அப்படியானால் கோபம் ஃபாரிட்டர்மீது ஏன்? கட்டத்தைச் சொடுக்கச் சொன்னவர்மீது வையுங்கள். 23 வயது ஊழியரின் முகத்தைப் போட்டு இழை ஓட்டுவது எளிது. மேலே இருப்பவர்களுக்கும் அதுதான் வசதி.

மேரிலாந்துவாசி | 20 மார்ச் 2025

இதில் நிரலோடியோடு பாதி ஒத்துப்போகிறேன். பாதிதான். எங்கள் பக்கத்து வீட்டு அம்மையாரை நீக்கிய கடிதத்தில் 'பணித்திறன் போதாமை' என்று காரணம் எழுதியிருந்தார்கள். மூன்று வாரத்துக்கு முன்புதான் அவருக்குச் சிறப்பான மதிப்பீடு வந்திருந்தது. அந்தப் பட்டியலைத் தயாரித்தவரும் யாரோ ஓர் ஊழியர்தானே? சொன்னார்கள், செய்தேன் என்று அவரும் இரவு தூங்கலாமா?

கரிச்சுருள் | 26 ஏப்ரல் 2025

நேற்று முன்தினம் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் இயக்குநர் சேதுராமன் பஞ்சநாதன் பதவி விலகினார். சென்னையில் பிறந்தவர், விவேகானந்தா கல்லூரியில் இயற்பியல் படித்தவர். ஆறாண்டுப் பதவியில் இன்னும் 16 மாதம் மீதமிருந்தது. தன்னால் ஆனதையெல்லாம் செய்துவிட்டேன் என்ற பொருளில் ஒரு கடிதம், வேறு விளக்கம் இல்லை. அதற்கு முந்தைய வாரத்தில்தான் டோஜ் குழு அங்கே நுழைந்தது, நூற்றுக்கணக்கான ஆய்வு நிதிகள் ரத்தாயின. அங்கே மின்னஞ்சல் முகவரி வழங்கப்பட்டவர்களில் ஃபாரிட்டரும் ஒருவர் என்று செய்தி.

எனக்கு இதில் தனிப்பட்ட வலி ஒன்று. சுருள்களை விரிக்காமல் படிக்க முடியும் என்று ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தனியாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் கென்டக்கிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிரென்ட் சீல்ஸ். அவர் ஆய்வகத்துக்கு 2021இல் 1.4 கோடி டாலர் கொடுத்தது இதே அறிவியல் அறக்கட்டளை. அதற்கு முன்பு உதவியது மொழி, வரலாறு போன்ற மானுடப் புலங்களுக்கான தேசிய நிதியம். இந்த மாதத் தொடக்கத்தில் அந்த நிதியத்தின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நல்கைகள் ஒரே இரவில் ரத்தாயின. ரத்துக் கடிதம் அரசு முகவரியிலிருந்துகூட வரவில்லை, பலர் குப்பை அஞ்சலில் கண்டெடுத்தார்கள். சீல்ஸின் நிதி வெட்டப்பட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு முன்பு 'கரிக்கட்டையைக் கணினியில் விரிப்பதற்கு வரிப்பணமா' என்று ஒருவர் பட்டியலைப் பார்த்துக் கட்டத்தைச் சொடுக்கியிருந்தால், நெப்ராஸ்கா மாணவர் ஒருவர் தன் கைப்பேசித் திரையில் கிரேக்க எழுத்தைப் பார்த்து மகிழ்ந்திருக்க முடியாது.

சந்தேகப்பிராணி | 26 ஏப்ரல் 2025

ஏறிய பிறகு ஏணியை எட்டி உதைப்பது எல்லா ஊரிலும் உண்டு. விறகுக்கு வெட்டி விற்பதுதான் புதிது.

நிரலோடி | 10 ஜூன் 2025

நான் ஒதுங்கியிருந்தேன். இப்போது எழுதுவதற்குக் காரணம் சாஹில் லவிங்கியா. கம்ராட் என்ற நிறுவனத்தை நிறுவியவர், டோஜ் சார்பில் முன்னாள் படைவீரர் நலத்துறைக்குப் போனவர். ஒப்பந்தங்களைப் படித்து 'இதை விழுங்கலாம்', அதாவது ரத்து செய்யலாம் என்று குறிக்கும் ஒரு நிரலைச் செயற்கை நுண்ணறிவைக்கொண்டு எழுதினார். அந்த நிரலைப் புரோபப்ளிகா என்ற அமெரிக்கப் புலனாய்வுச் செய்தி நிறுவனம் வெளியிட்டிருக்கிறது. நானும் வரிவரியாகப் படித்தேன்.

தொழில்முறையில் எனக்கு வெட்கமாக இருந்தது. ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் முதல் 10,000 எழுத்துகளை மட்டுமே அது பார்க்கிறது. அரசு ஒப்பந்தத்தின் முதல் சில பக்கங்களில் என்ன இருக்கும்? முகவரியும் படிவ எண்களும். சில ஆயிரம் டாலர் ஒப்பந்தங்களைக்கூட 3.4 கோடி டாலர் என்று கற்பனை செய்திருக்கிறது, ஒன்றிரண்டை அல்ல, சுமார் ஆயிரத்து நூறை. எதை 'நோயாளிக்கு நேரடிச் சேவை' என்று கருதுவது என்பதைக் கட்டளையில் ஒரு வரியில் சொல்லிவிட்டு மீதியை இயந்திரத்திடம் விட்டிருக்கிறார்.

ஆனால் அவர் ஒன்று செய்தார். தவறுகள் இருந்தன என்று தன் பெயரில் ஒப்புக்கொண்டார். தான் எதிர்பார்த்த அளவுக்கு அரசில் வீணடிப்பு இல்லை என்றும் பேட்டி கொடுத்தார். பேட்டி வந்ததும் வேலை போயிற்று, மொத்தம் 55 நாள். ஓய்வுக்கணக்கர் ஐயா, உங்கள் கதையில் வாசலுக்கு வந்து பார்த்த பொறியாளர் நினைவுக்கு வந்தார்.

வயதைப் பற்றிய என் கட்சி மாறவில்லை. லவிங்கியாவுக்கு வயது முப்பதுக்கு மேல்.

ஓய்வுக்கணக்கர் | 11 ஜூன் 2025

வயதைப் பற்றி நமக்குள் சண்டையே இல்லையே, தம்பி. முதல் நாளே சொன்னேன்.

செவிலி | 2 ஜூலை 2025

நேற்றோடு யுஎஸ்எய்ட் முறைப்படி முடிந்தது. 1961இல் கென்னடி தொடங்கியது. லான்செட் மருத்துவ இதழில் ஒரு மதிப்பீடு வந்திருக்கிறது: இந்த வெட்டுகள் நீடித்தால் 2030க்குள் கூடுதலாக 1.4 கோடிக்கும் மேற்பட்ட மரணங்கள். மதிப்பீடுதான், எண்ணிக்கை கூடலாம் குறையலாம். என் பதிவேட்டில் பன்னிரண்டு உறைக்கு இரண்டு பக்கம் எழுதினேன்.

மேரிலாந்துவாசி | 25 நவம்பர் 2025

இந்த இழையை மேலே தூக்குகிறேன். டோஜ் என்று ஒன்று இப்போது இல்லை என்று பணியாளர் நிர்வாகத் தலைவர் ஸ்காட் குப்போர் ராய்ட்டர்ஸிடம் சொல்லியிருக்கிறார். 2026 ஜூலை 4 வரை ஆயுள் என்று எழுதிக்கொடுத்தது, எட்டு மாதம் முன்பே கரைந்துவிட்டது. கலைப்பு ஆணையும் இல்லை, இறுதிக் கணக்கும் இல்லை.

மஸ்க் முதலில் சொன்னது 2 லட்சம் கோடி டாலர் சேமிப்பு. பிறகு 1 லட்சம் கோடி. ஏப்ரலில் 15,000 கோடி. அரசின் மொத்தச் செலவோ 2024 நிதியாண்டில் சுமார் 6.75 லட்சம் கோடி, 2025இல் சுமார் 7 லட்சம் கோடி. கூடித்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மையார் வீட்டை விற்றுவிட்டு மகளிடம் போய்விட்டார்.

ஓய்வுக்கணக்கர் | 25 நவம்பர் 2025

பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல் இல்லாமல் ஓர் அலுவலகம் மூடப்பட்டதை நான் கேள்விப்பட்டதில்லை. நாற்காலி எத்தனை, முத்திரை எத்தனை என்றாவது எழுதிக் கையொப்பமிடுவார்கள்.

நிரலோடி | 26 நவம்பர் 2025

கரிச்சுருள் அண்ணா, சுருள் பக்கம் ஏதாவது செய்தி உண்டா? உங்கள் பழைய இழை தூங்கிக்கொண்டிருக்கிறது.

கரிச்சுருள் | 26 நவம்பர் 2025

உண்டு. மே மாதமே வந்தது, இந்தக் கலவரத்தில் எழுத மனம் வரவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் ஒரு சுருளுக்குள் முதன்முறையாக நூலின் தலைப்பையே படித்துவிட்டார்கள். கண்டவர்கள் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் மாணவர்கள் இருவர். பரிசு 60,000 டாலர். நூலை எழுதியவர் ஃபிலோடெமஸ் என்ற தத்துவ ஆசிரியர். தலைப்பு, 'தீயொழுக்கங்கள் குறித்து'. எத்தனையாவது பகுதி என்பது கரியில் தெளிவாகத் தெரியவில்லை, ஒன்று என்கிறார்கள். படங்களை அந்த இழையில் போடுகிறேன், அங்கே வாருங்கள்.